டிரான்சிஷன் எங்கே போடலாம், எங்கே விடலாம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் கலியாணம், சாமத்தியச் சடங்கு, கோயில் திருவிழா, கூத்து என்று எதையாவது படம்பிடித்து, பிறகு கணினியிலோ தொலைபேசியிலோ வெட்டி ஒட்டிக்கொண்டிருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். கேள்விகளில் பெரும்பாலானவை எடிட்டிங் பழக வருகிற பிள்ளைகள் கேட்பவை. சில, காசு கொடுத்து வீடியோ எடுப்பிக்கிற குடும்பத்தார் கேட்பவை. பதில்களில் என் அபிப்பிராயமும் தாராளமாகக் கலந்திருக்கிறது. பிடிக்காதவர்கள் அதை வெட்டிவிட்டு மிச்சத்தை எடுத்துக்கொள்ளலாம்.

டிரான்சிஷன் என்று எதைச் சொல்கிறோம்?

ஒரு கிளிப் முடிந்து அடுத்தது தொடங்கும் இடத்தில் நடக்கும் மாற்றத்தை. ஒன்றும் போடாமல் நேரே மாறினால் அது கட். முதற் காட்சி மங்க மங்க அடுத்தது துலங்கி வந்தால் டிசால்வ். கறுப்புக்குப் போய்த் திரும்பினால் ஃபேட். ஒரு காட்சி மற்றதைத் துடைத்துக்கொண்டு வந்தால் வைப், தள்ளிக்கொண்டு வந்தால் புஷ். மென்பொருளைத் திறந்தால் பெயர்கள் நீளமாகக் கிடக்கும். அவற்றில் பெரும்பாலானவை இவற்றையே சுழற்றியும் பெருப்பித்தும் மினுக்கியும் செய்தவை.

ஒரு கலியாண வீடியோவில் எத்தனை டிரான்சிஷன் போட வேண்டும்?

எண்ணிக்கை சொல்ல முடியாது. காலமோ இடமோ மாறாத வரை கட் போதும் என்பதுதான் நான் பின்பற்றும் கணக்கு.

மணவறையில் குருக்கள் மந்திரம் சொல்கிறார், மணமகள் தலை குனிந்திருக்கிறாள், தாலித் தட்டு சபையைச் சுற்றி வருகிறது, தகப்பனார் கண்ணைத் துடைக்கிறார். நான்கும் ஒரே மண்டபத்தில், ஒரே நேரத்தில் நடப்பவை. இவற்றுக்கு நடுவே டிசால்வ் போட்டால், பார்ப்பவர் தம்மையறியாமலே இடையில் நேரம் கடந்துவிட்டதாக எடுத்துக்கொள்வார். நான்கு முறை போட்டால் நான்கு முறை கடந்துவிடும். சடங்கின் விறுவிறுப்பு அங்கேயே போய்விடுகிறது. மாறாக, களுவாஞ்சிகுடியில் மணமகள் வீட்டில் அலங்காரம் முடிந்து, அடுத்த காட்சி மட்டக்களப்பு நகரத்து மண்டபம் என்றால், அங்கே டிசால்வுக்கு உண்மையான வேலை இருக்கிறது. முதல்நாள் இரவு முடிந்து மறுநாள் விடிகிறது என்றால் கறுப்புக்கு ஒரு ஃபேட் போடலாம்.

சந்தேகமிருந்தால் ஒருநாள் இரவு தொலைக்காட்சிச் செய்தியைச் சத்தத்தை நிறுத்திவிட்டுப் பாருங்கள். கிட்டத்தட்ட எல்லாமே கட்தான். யாரும் குறை சொல்வதில்லை.

சரி, போடுவது எப்படி?

டாவின்சி ரிசால்வ் என்ற எடிட்டிங் மென்பொருளில், எடிட் பக்கத்தில், இரண்டு கிளிப்புகள் சந்திக்கும் கோட்டைக் கிளிக் செய்து கன்ட்ரோலுடன் T விசையை அழுத்துங்கள். கிராஸ் டிசால்வ் வந்து உட்காரும். வேறு வகை வேண்டுமென்றால் எஃபெக்ட்ஸ் பகுதியில் வீடியோ டிரான்சிஷன்ஸ் என்ற பட்டியலிலிருந்து இழுத்து அதே கோட்டில் விடலாம். ரிசால்வின் இலவசப் பதிப்பே நம் வேலைகளுக்குப் போதும் என்பது என் கருத்து. கணினியில் ஓரளவு நல்ல கிராஃபிக்ஸ் கார்ட் மட்டும் இருக்க வேண்டும்.

பிரீமியர் புரோவில் கன்ட்ரோலுடன் D அழுத்தினால் படத்துக்கும், ஷிஃப்டையும் சேர்த்து அழுத்தினால் ஒலிக்கும் வழக்கமான டிரான்சிஷன் விழும். அடிக்கடி போடுவது வேறொன்று என்றால், பட்டியலில் அதன்மேல் வலது கிளிக் செய்து அதையே வழக்கமானதாக மாற்றிவிடலாம்.

கேப்கட்டில் இரண்டு கிளிப்புகளுக்கு நடுவே சின்ன வெள்ளைச் சதுரம் தெரியும். அதைத் தொட்டால் பட்டியல் வரும், கீழே நீளத்தைக் கூட்டிக் குறைக்கும் கோடு இருக்கும். அங்கேயே, எல்லா இணைப்புக்கும் இதையே போடு என்ற பொருளில் ஒரு பொத்தானும் உண்டு. அதன் பக்கம் விரலைக் கொண்டுபோகாதீர்கள். தொலைபேசியில் இந்தச் சதுரம் பிரதான வரிசையில் மட்டுமே வரும். மேலே அடுக்கிய படங்களுக்கு அனிமேஷன் பகுதியில் உள்ள நுழைவும் வெளியேற்றமும்தான் வழி.

ஷாட்கட்டில் பட்டியல் தேடவே வேண்டாம். ஒரே வரிசையில் ஒரு கிளிப்பை இழுத்து முந்தியதன்மேல் கொஞ்சம் ஏற்றி விட்டால், ஏறிய பகுதி டிசால்வாக மாறிவிடும். வைப் வேண்டுமென்றால் அந்தப் பகுதியைத் தேர்ந்தெடுத்து வகையை மாற்றலாம். ஏறிய அளவுக்கு மொத்த நீளம் குறையும் என்பதைக் கவனியுங்கள். பாட்டை முதலிலேயே பொருத்திவிட்டுப் பிறகு இப்படிச் செய்தால் தாளம் பிசகிவிடும்.

டிரான்சிஷன் போடும்போது போதிய காட்சி இல்லை என்று மென்பொருள் சொல்கிறது. கிளிப் ஒரு நிமிடம் இருக்கிறதே?

இந்த ஒரு கேள்வியை விளங்கிக்கொண்டால் மற்றவற்றில் பாதி தானாகவே தீரும்.

டிசால்வ் நடக்கும் ஒரு விநாடியில் இரண்டு கிளிப்புகளும் ஒரே நேரத்தில் திரையில் இருக்கின்றன. முதற் கிளிப் நீங்கள் வெட்டிய இடத்தைத் தாண்டியும் கொஞ்சம் ஓட வேண்டும். இரண்டாவது, நீங்கள் தொடங்கிய இடத்துக்கு முன்பிருந்தே ஓடி வர வேண்டும். விநாடிக்கு 25 ஃபிரேம், அதாவது 25 தனிப் படம், என்ற கணக்கில் ஒரு விநாடி டிசால்வை வெட்டின் நடுவில் வைத்தால், ஒவ்வொரு பக்கமும் 12 அல்லது 13 ஃபிரேம் மிச்சம் வேண்டும். தையற்காரர் சட்டையில் தையலுக்கென்று விளிம்பு விடுவார் அல்லவா, அதுபோல. நீங்கள் கிளிப்பை அதன் கடைசி ஃபிரேம் வரை பயன்படுத்தியிருந்தால் விளிம்பே இல்லை. கிளிப் ஒரு நிமிடமா ஒரு மணித்தியாலமா என்பது இங்கே கணக்கில் வராது.

ரிசால்வில் இணைப்பைக் கிளிக் செய்யும்போது ஒரு பக்கம் பச்சையாகவோ சிவப்பாகவோ தெரியும். சிவப்பு என்றால் அந்தப் பக்கம் மிச்சமில்லை. பிரீமியர் எச்சரித்துவிட்டுப் போட்டுத் தரும், ஆனால் கடைசி ஃபிரேமையே திரும்பத் திரும்பக் காட்டும். டிரான்சிஷன்மேல் சாய்ந்த கோடுகள் தெரிந்தால் அதுதான் நடக்கிறது. ஆடிக்கொண்டிருந்தவர் சட்டென்று சிலையாக நின்று மங்கிப்போவதைப் பல கலியாண வீடியோக்களில் பார்த்திருப்பீர்கள். காரணம் இதுதான்.

தீர்வுகள் மூன்று. கிளிப்பின் முனையைக் கொஞ்சம் உள்ளே தள்ளி மிச்சம் உண்டாக்கலாம். டிரான்சிஷனைக் குறுக்கலாம். அல்லது அதன் நிலையை மாற்றலாம்: வெட்டில் தொடங்கும்படி வைத்தால் முதற் கிளிப்பில் மட்டும் மிச்சம் இருந்தால் போதும், வெட்டில் முடியும்படி வைத்தால் இரண்டாவதில் மட்டும்.

ஆனால் நல்ல தீர்வு கமராவில்தான் இருக்கிறது. பொத்தானை அழுத்தியதும் ஐந்து விநாடி அசையாமல் பிடியுங்கள். காட்சி முடிந்ததும் உடனே நிறுத்தாமல் இன்னும் ஐந்து விநாடி விடுங்கள். தாலி ஏறியதும் கமராவை நிறுத்திவிட்டு அடுத்த கோணத்துக்கு ஓடுகிற பழக்கம் நம்மூர்க் கமராக்காரர்களிடம் நிறைய உண்டு. தாலி ஏறிய பிறகு வரும் அந்த ஐந்து விநாடியில்தான் மாப்பிள்ளையின் முகத்தில் சிரிப்பு வரும்.

எவ்வளவு நீளம் வைக்கலாம்?

சாதாரண டிசால்வுக்கு ஒரு விநாடி. துள்ளல் பாட்டுக்கு 8 முதல் 12 ஃபிரேம். நினைவு, ஏக்கம், பழைய புகைப்படம் என்றால் இரண்டு மூன்று விநாடி. அதற்கு மேல் போனால் இரண்டு படமும் சேர்ந்து ஒரு குழப்பமாகத் தெரியும்.

தாலி கட்டும் காட்சியில் எது பொருத்தம்?

ஒன்றுமே வேண்டாம். ஒரே காட்சியாக ஓடவிடுங்கள்.

வெட்டிய இடத்தில் ஒலி டிக் என்று அடிக்கிறது. படத்துக்கு டிசால்வ் போட்டும் போகவில்லை.

படத்துக்குப் போட்டது ஒலிக்குப் போய்ச் சேராது. ஒலி அலை மேலேயோ கீழேயோ இருக்கும் இடத்தில் கத்தி விழுந்தால் அந்தத் தாவல் டிக் என்று கேட்கும். இரண்டு முதல் நான்கு ஃபிரேம் அளவுக்குச் சின்ன ஒலி டிரான்சிஷன் போடுங்கள், போய்விடும். பிரீமியரில் கான்ஸ்டன்ட் பவர், கான்ஸ்டன்ட் கெயின் என்று இரண்டு வகை உண்டு. வேறு வேறு ஒலிகள் சந்திக்கும் இடத்தில் முதலாவதைப் போடுங்கள். இரண்டாவதில் நடுவே சத்தம் சற்றுக் குழிந்து கேட்கும்.

இனி, இதைவிடப் பெரிய விடயம். இரண்டு காட்சிகளை இணைப்பதில் படத்தைவிட ஒலிக்கு வலு அதிகம். அடுத்த காட்சியின் ஒலியை அரை விநாடி, ஒரு விநாடி முன்னதாகவே கேட்க விடுங்கள், படத்தை வெறும் கட்டாகவே வையுங்கள். எடிட்டர்கள் இதை ஜே கட் என்பார்கள். படம் மாறிய பிறகும் பழைய ஒலி கொஞ்சம் தொடர்ந்தால் எல் கட்.

இதற்குக் கிழக்கில் கிடைப்பதுபோல நல்ல சாமான் வேறெங்கும் கிடைக்காது: குரவை. தமிழர் கலியாணத்திலும் முஸ்லிம்கள் கலியாணத்திலும் பெண்கள் குரவையிடுவார்கள். திரையில் இன்னும் மணமகளின் அறை. கண்ணாடி முன்னே தோழி ஒருத்தி தலைப்பூவைச் சரிசெய்துகொண்டிருக்கிறாள். அப்போதே வெளியிலிருந்து குரவை கேட்கத் தொடங்குகிறது. மணமகள் நிமிர்ந்து பார்க்கிறாள். கட். வாசலில் மாப்பிள்ளை காரிலிருந்து இறங்குகிறார். எந்தப் பட்டியலிலிருந்தும் எதையும் இழுத்துப் போடவில்லை. ஆனால் வீட்டுக்காரர்கள் திரும்பத் திரும்ப ஓடவிட்டுப் பார்க்கும் இடம் அதுவாகத்தான் இருக்கும். இதற்காகவாவது படப்பிடிப்பன்று குரவையையும் மேளத்தையும் தனியாக ஒரு நிமிடம் பதிவு செய்து வையுங்கள்.

கூத்து வீடியோவுக்கு எந்த டிரான்சிஷன் போடலாம்?

கூத்தை வெட்டுவது கலியாணத்தைவிடக் கடினம், ஏனென்றால் அங்கே ஏற்கெனவே ஒரு எடிட்டர் இருக்கிறார்: மத்தளத்துடன் நிற்கிற அண்ணாவியார். வரவு எப்போது, தாளம் எப்போது மாறும், ஆட்டம் எங்கே தீர்ந்து நிற்கும் என்பதெல்லாம் அவர் கையில். உங்கள் வெட்டு அந்தத் தாளத்தில் விழ வேண்டும். மத்தளத்தின் ஒலியலையை டைம்லைனில், அதாவது கிளிப்புகளை அடுக்கும் வரிசையில், பெரிதாக்கிப் பார்த்தால் அடி விழும் இடங்கள் கூராகத் தெரியும். அங்கே வெட்டுங்கள். ஆட்டத்தின் நடுவே டிசால்வ் போட்டால் காலடி மங்கிப்போகும். தென்மோடியின் நுணுக்கமான ஆட்டமானாலும் வடமோடியின் வேகமானாலும் பார்க்க வருபவர் காலைத்தான் பார்க்கிறார்.

இரண்டு கமரா வைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. களரி வட்டமானது, சுற்றிவரச் சனம் இருக்கும். ஒரு கமராவை ஒரு பக்கமும் மற்றதை நேரெதிரேயும் வைத்தால், முதற் படத்தில் இடமிருந்து வலம் போகிற அரசன் அடுத்த படத்தில் வலமிருந்து இடம் போவார். டிசால்வ் போட்டால் இரண்டு அரசர்கள் மோதிக்கொள்வதுபோல் இருக்கும். இரண்டு கமராவையும் வட்டத்தின் ஒரே பாதிக்குள் வையுங்கள். பிற்பாட்டுக்காரர்களின் முகம், சலங்கைக் கால், முன்வரிசையில் தூங்கி விழுகிற சிறுவன் என்று சில தனிக் காட்சிகள் எடுத்து வைத்தால், பொருந்தாத இரண்டு காட்சிகளுக்கு நடுவே அவற்றைச் செருகிவிடலாம்.

கூத்து விடியவிடிய நடப்பது. அதை ஒரு மணித்தியாலத்துக்குச் சுருக்கும்போது, விட்டுவிட்டு வருகிற இடங்களில் மட்டும் கறுப்புக்கு ஃபேட் போடுங்கள். இங்கே கொஞ்சம் விடுபட்டிருக்கிறது என்று பார்ப்பவருக்கு நேர்மையாகத் தெரியட்டும்.

கோயில் சடங்குகள் வேறு விடயம். கண்ணகி அம்மன் சடங்கு போன்றவற்றில் எதைப் பதிவு செய்யலாம் என்று கோயிலை நிர்வகிக்கும் வண்ணக்கரிடம் முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். எடிட்டிங் பிறகு.

ட்ரோனில் வாவியை எடுத்திருக்கிறேன், கீழே நின்று கல்லடிப் பாலத்தையும் எடுத்திருக்கிறேன். சுழன்று மாறுகிற டிரான்சிஷன் போடலாமா?

போடலாம், இரண்டிலும் அசைவு ஒரே திசையில் இருந்தால். ட்ரோன் வலப்பக்கம் திரும்பி முடிகிறது என்றால், பாலத்துக் காட்சியும் வலப்பக்கத் திருப்பத்தோடு தொடங்கட்டும். அசைவு வேகமாக இருக்கும் இடத்திலேயே வெட்டினால் மென்பொருளின் சுழற்சி இல்லாமலே சுழன்றதுபோல் தெரியும். திசை எதிரெதிராக இருந்தால் எந்த டிரான்சிஷனாலும் காப்பாற்ற முடியாது.

அந்த இடத்தில் டிசால்வுக்கும் ஓர் அருமையான வேலை இருக்கிறது. பழைய கல்லடிப் பாலம் 1924 இல் திறக்கப்பட்டது. அதன் பழைய புகைப்படம் ஒன்று கிடைத்தால், படம் எடுத்தவர் நின்ற கோணத்திலேயே போய் நின்று இன்றைய காட்சியை எடுங்கள். பாலத்தின் இரும்பு வளைவும் தண்ணீர்க் கோடும் இரண்டு படத்திலும் ஒரே இடத்தில் விழும்படி அளவைச் சரிசெய்து, மூன்று விநாடி டிசால்வ் போடுங்கள். பாலம் நிற்க, சுற்றியுள்ளவை மட்டும் மாறும். அருகே 2013 இல் திறந்த புதிய பாலம் காற்றிலிருந்து முளைத்து வருவதுபோல் தோன்றும்.

பாட்டின் அடிக்கு அடி வெள்ளை மின்னல் அடிக்கிற டிரான்சிஷன் இளைஞர்களுக்குப் பிடிக்கிறதே?

பிடிக்கும். ஆனால் மின்னும் ஒளியால் வலிப்பு வருகிறவர்கள் இருக்கிறார்கள். ஒரு விநாடிக்குள் மூன்று முறைக்கு மேல் திரை மின்னக்கூடாது என்பது இணையத்துக்கான அணுகல்தன்மை வழிகாட்டிகளில் உள்ள விதி. மண்டபத்துப் பெரிய திரையில், விளக்கை அணைத்துவிட்டுக் காட்டப்போகிறீர்கள் என்றால் இன்னும் கவனம் வேண்டும். ஒரு வீடியோவுக்கு ஒரு மின்னல் போதும்.

தொலைபேசியில் எடுத்ததும் கமராவில் எடுத்ததும் சந்திக்கும் இடத்தில் டிசால்வ் திக்கித் திக்கிப் போகிறது.

தொலைபேசி பெரும்பாலும் விநாடிக்கு 30 ஃபிரேம் எடுக்கும், நம் கமராக்களை 25 இல் வைத்திருப்போம். 30 ஐ 25 ஃபிரேம் டைம்லைனில் போட்டால் ஒவ்வோர் ஆறு ஃபிரேமிலும் ஒன்று விழுந்துவிடும், அசைவு தத்தும். படப்பிடிப்புக்கு முன்பே எல்லாரும் ஒரே எண்ணில் வைத்துக்கொள்வதுதான் வழி. டைம்லைனின் ஃபிரேம் எண்ணையும் முதலிலேயே முடிவு செய்யுங்கள், பிறகு மாற்றுவது தலைவலி.

தொலைபேசிகள் வேறொன்றும் செய்யும்: வெளிச்சத்துக்கேற்ப ஃபிரேம் எண்ணைக் கூட்டிக் குறைக்கும். அதனால்தான் நீண்ட கிளிப்பில் போகப் போக உதடும் ஒலியும் விலகுகின்றன. ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளில் நிலையான ஃபிரேம் எண்ணுக்கு மாற்றி எடுத்துக்கொண்டு எடிட்டிங்கைத் தொடங்கலாம்.

மண்டப விளக்கு பட்டை பட்டையாக ஓடுகிறதா? இலங்கை மின்சாரம் 50 ஹேர்ட்ஸ். ஷட்டரை 1/50 அல்லது 1/100 இல் வையுங்கள்.

டிரான்சிஷன் வரும் இடத்தில் மட்டும் கணினி திணறுகிறது.

அங்கே இரண்டு வீடியோவை ஒரே நேரத்தில் விரித்துக் கலக்க வேண்டியிருக்கிறது. 4கே என்றால் சுமை இன்னும் கூடும். எடிட் செய்யும்போது புரொக்சி எனப்படும் சிறிய பிரதிகளில் வேலை செய்யுங்கள், அல்லது அந்தப் பகுதியை மட்டும் ரெண்டர் செய்து, அதாவது முன்கூட்டியே கணக்கிட்டு வைத்து, பாருங்கள். முடிந்து வரும் வீடியோவில் இந்தத் திணறல் இருக்காது.

முப்பத்தோராம் நாள் நினைவு வீடியோவுக்குப் புகைப்படங்களை எப்படி இணைப்பது?

புகைப்படத்துக்கு மிச்சப் பிரச்சினையே இல்லை, வேண்டிய மட்டும் நீட்டலாம். ஒவ்வொரு படமும் ஐந்து ஆறு விநாடி நிற்கட்டும், நடுவே ஒன்றரை இரண்டு விநாடி டிசால்வ். முழுவதற்கும் ஒரே வகைதான். டிசால்வ் தொடர்ந்து பொருந்துகிற வேலை இது ஒன்றே என்று சொல்லலாம். முகங்கள் ஏறத்தாழ ஒரே இடத்தில் விழும்படி படங்களை நகர்த்தி வைத்தால், இளம் வயது முகம் முதிய முகமாகக் கண்முன்னே மாறும். இரண்டு கண்ணும் மூக்கும் தப்பான இடத்தில் கலந்தால் பார்க்கவே பயமாக இருக்கும், ஆகவே ஒவ்வோர் இணைப்பையும் நடு ஃபிரேமில் நிறுத்திச் சரிபாருங்கள்.

பூ விரிகிறது, இதயம் திறக்கிறது, புத்தகம் புரளுகிறது போன்றவற்றை வீட்டுக்காரர்கள் கேட்கிறார்கள். என்ன சொல்வது?

மறுக்க வேண்டாம், பணம் அவர்களுடையது. அல்பத்தின் முகப்புப்போலத் தொடக்கத்தில் ஒன்று, வரவேற்பு நிகழ்வு தொடங்கும் இடத்தில் ஒன்று போட்டுக் காட்டுங்கள். பெரும்பாலும் அதோடு மனம் நிறைந்துவிடும். மாமியார் முகத்தின்மேல் மட்டும் இதயம் திறக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். சிலர் எல்லா இடத்திலும் வேண்டும் என்று நின்றால், அப்படி ஒரு பிரதியும் உங்கள் விருப்பப்படி ஒரு பிரதியும் கொடுத்துவிடலாம். எதை உறவினருக்கு அனுப்புகிறார்கள் என்று பிறகு விசாரியுங்கள்.

கணினியில் அழகாக இருந்த டிசால்வ் வட்ஸ்அப்பில் அனுப்பியதும் கட்டம் கட்டமாக உடைந்துவிட்டது. ஏன்?

வீடியோவைச் சுருக்கும் முறை, முந்திய ஃபிரேமிலிருந்து என்ன மாறியது என்பதை மட்டுமே பெரும்பாலும் எழுதி வைக்கிறது. பேசிக்கொண்டிருப்பவரின் பின்னால் சுவர் மாறுவதில்லை, அதனால் இடம் மிச்சம். டிசால்விலோ திரையின் ஒவ்வொரு புள்ளியும் ஒவ்வொரு ஃபிரேமிலும் மாறுகிறது. எழுத வேண்டியது சட்டென்று பெருகுகிறது, கொடுத்த பிட்ரேட், அதாவது ஒரு விநாடிக்கு ஒதுக்கிய தரவு அளவு, போதாமல் கட்டம் விழுகிறது. வாவியின் அலையும், தூவுகிற பூவிதழும், கறுப்புக்கு மெதுவாகப் போகிற ஃபேடும் இதே காரணத்தால்தான் உடைகின்றன.

முழு எச்டி, 25 அல்லது 30 ஃபிரேம் வீடியோவுக்கு யூடியூப் பரிந்துரைப்பது விநாடிக்கு 8 மெகாபிட். நீங்கள் அதைவிடக் கூடுதலாகவே வைத்து ஏற்றுமதி செய்யுங்கள், ஏற்றிய பிறகு அவர்கள் மறுபடியும் சுருக்குவார்கள். வட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பாமல் ஆவணமாக இணைத்து அனுப்பினால் சுருக்காமல் போய்ச் சேரும். கோப்பு பெரிதென்றால் யூடியூப்பில் பட்டியலிடாத வீடியோவாக ஏற்றி இணைப்பை அனுப்புங்கள். கனடாவிலிருக்கும் பெரியம்மாவுக்கும் அதுவே வசதி.